மூவலூர் அம்மாவின் நாவலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

புதுமைப்பெண் திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். மயிலாடுதுறையை ஒட்டித்தான் மூவலூர். ஆனால் அவர் நாவல் எழுதியவர் என்பது இந்தப் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. அது எனக்குப் பெரிய ஆற்றாமை.

1883-ல் பிறந்தவர். பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி வீட்டில் விடப்பட்ட பிள்ளை என்பார்கள். பாட்டு வாத்தியார் சுயம்புப் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வாழ்க்கையை உதறினார். தான் தப்பித்தால் போதும் என்று இருந்துவிடவில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பொட்டுக்கட்டாதீர்கள், அதாவது கோயிலுக்கு நேர்ந்து தாசியாக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கோயில், பண்ணையார், சொந்தச் சாதி என்று எல்லாப் பக்கமும் பகை. 1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' வந்தது. மைனர்களின், அதாவது உல்லாசமாகத் திரியும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின், நிலம் எப்படிக் கரைகிறது, பெற்ற பெண்ணை வைத்தே தாய்க்கிழவி எப்படி வலை விரிக்கிறாள் என்று உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது. கொஞ்சம் பிரசார நெடி அடிக்கும்தான். அடிக்கட்டுமே! பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வர 1947 ஆயிற்று.

1989-ல் அவர் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அதை உயர்கல்விக்கு மாற்றினார்கள்; அதுதான் புதுமைப்பெண். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். "தங்கம் போச்சே" என்று இன்னமும் அங்கலாய்ப்பவர்கள் உண்டு. தங்கம் விற்கிற விலையில் கூலி வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது. ஆனாலும் மாற்றியது சரி என்றே சொல்வேன். எங்கள் தெருவில் நடவுக்குப் போகும் அக்கா ஒருவர், மகளின் கணக்கில் ஏறும் அந்தப் பணத்தைத் தொடுவதே இல்லை. "அது அவ காசுடா தம்பி, பரீட்சைக்குக் கட்டட்டும், புஸ்தகம் வாங்கட்டும்" என்கிறார். மகளின் பெயரில், மகள் மட்டும் எடுக்கிற பணம். தாய் பேரம் பேசிக் கொடுத்த ஒரு பிள்ளையின் பெயர் இதற்கு எவ்வளவு பொருத்தம்!

அரசுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். திட்டத்தில் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் மாதப் பணத்தோடு அந்த நாவலின் மலிவுப் பதிப்பு ஒன்றையும் கொடுங்கள். மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் கல்லூரிகளில் இருந்தே தொடங்கலாம்.