கவுண்ட் குறைஞ்சா யார் தப்பு?

போன வாரம் ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை கீமோ முடிஞ்சுது மாப்ள?" என்றார். மனைவிக்கு நாலு முடிந்தது என்றேன். "இந்நேரம் அஞ்சு ஆயிருக்கணுமே! வீட்ல சரியா சாப்பிடறது இல்லையா?" என்றார் உடனே. அவர் மேல் கோபமில்லை. ஆறு மாதம் முன்பு வரை நானும் அப்படிக் கேட்கிற ஆள்தான். இருந்தாலும் பந்தியில் உட்கார்ந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுதுவது அதனால்தான்.

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம், வைத்தியம் புதுச்சேரியில். 21 நாளைக்கு ஒரு கீமோ, மொத்தம் எட்டு. முதல் நாலும் சிவப்பு மருந்து. அது ஏறின அன்று சிறுநீரே சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு மயக்கமே வந்திருக்கும். எனக்கு ஜெராக்ஸ் கடை. இத்தனை வருஷமாக யார் யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டையோ இன்சூரன்ஸுக்காக நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் படித்துப் பார்த்ததில்லை.

இப்போது படிக்கிறேன். புரிந்தவரை சொல்கிறேன். கீமோ மருந்துக்குப் புற்று செல், நம்ம செல் என்ற பேதமெல்லாம் கிடையாது. வேகமாகப் பெருகுகிற எதையும் அடிக்கும். முடியின் வேர், வாயின் உள்தோல், ரத்த அணுக்கள் பிறக்கிற எலும்பு மஜ்ஜை எல்லாம் அப்படிப் பெருகுகிறவை. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளையணு குறைகிறது. அதைத்தான் வார்டில் எல்லோரும் 'கவுண்ட் இறங்கிடுச்சு' என்கிறார்கள். மருந்து ஏறின ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் அது அடிமட்டத்துக்குப் போகும், மூன்றாம் வாரத்தில் மெல்ல ஏறும். 21 நாள் இடைவெளி விடுவதே அதற்காகத்தான். அதாவது கவுண்ட் இறங்குவது மருந்து செய்கிற வேலை. மாதுளம்பழம் சாப்பிடாததால் வருவதில்லை.

இது தெரிவதற்கு முன்னால் நான் செய்த காரியத்தையும் சொல்லவேண்டும். இரண்டாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட எரிகிறது அவளுக்கு. நானோ வாட்ஸப்பில் யாரோ அனுப்பியதை நம்பி மாதுளை ஜூஸ் போட்டு நீட்டிக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "நீ இப்படிச் சாப்பிடாம அடம் பிடிச்சா கவுண்ட் இறங்காம என்ன செய்யும்?" என்று கத்திவிட்டேன். ஒன்றும் பேசாமல் வாங்கி, கண்ணில் நீர் வரக் குடித்து முடித்தாள்.

பதினோராம் நாள் ராத்திரி காய்ச்சல். 100.4 தாண்டினால் எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும், நீங்களாக மாத்திரை போடக்கூடாது என்று ஃபைலின் மேலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. "மழை கொட்டுது, காலைல பாத்துக்கலாங்க" என்றாள். எனக்கும் அந்த பதில்தான் வேண்டியிருந்தது. குறைந்திருக்காதா என்று திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்ததிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. கவுண்ட் இல்லாத உடம்பில் அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு பெரிது என்று பிறகுதான் தெரிந்தது. இந்த வழியில் போகிறவர்கள் யாராவது படித்தால், காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுத் தம்பி கார் எடுத்தான். பெண்ணையாற்றுப் பாலத்தில் கண்ணாடிக்கு முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் சாராயக் கடை விளக்குகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. (அந்த ஸ்டாப்பில் குடித்துவிட்டு ஏறுகிற கூட்டத்துக்குப் பயந்துதான், கீமோ முடிந்து சாயந்திர பஸ்ஸில் திரும்புவதையே விட்டிருந்தோம்.) கிருமாம்பாக்கம் தாண்டும்போது என் தோளில் சாய்ந்திருந்தவள், "நாளைக்குக் கடையை யாருங்க திறப்பா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், வெள்ளையணுவில் கிருமியை முதலில் எதிர்க்கிற வகையான நியூட்ரோஃபில் 310. 1500-க்கு மேல் இருக்கவேண்டியது. போனதும் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஆறு நாள் படுக்கை. கவுண்ட் ஏத்துற ஊசி போட்டார்கள், அதற்கு எலும்பெல்லாம் குடைகிற வலி. அதனால் மூன்றாவது கீமோ ஒன்பது நாள் தள்ளிப்போனது. கல்யாணத்தில் அவர் கேட்ட அந்த அஞ்சாவது இன்னும் ஆகாததும் அதனால்தான்.

நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று டாக்டரிடம் கேட்டேன். சின்ன வயசுப் பையன், இரவு முழுக்க நின்றே இருந்தவர். "பெரும்பாலும் நம்ம குடல்லயும் வாயிலயும் இருக்கிற கிருமிங்கதான் சார். காவல் இல்லாதப்ப உள்ளே போயிடும். வீட்ல போய் யாரையும் விசாரிக்காதீங்க" என்றார். ஜூஸ் கதை அவருக்குத் தெரியாது.

நோய் என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு முதலில் ஒரு குற்றவாளி வேண்டும். சாப்பிடவில்லை, கவலைப்படுகிறாள், தைரியம் போதவில்லை, புருஷன் சரியாகப் பார்க்கவில்லை. சூலை என்கிற தீராத வயிற்றுவலியோடு தம்பி அப்பர் வந்து நின்றபோது திருவதிகையில் திலகவதியார் விசாரணை ஏதும் வைக்கவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனார். நம்ம மாவட்டத்துக் கதைதானே, நமக்கு ஏன் அது மறந்துபோகிறது?

இன்னொரு பக்கம், "ஆம்பளை நீங்க கூடவே வர்றதே பெரிய விஷயம்" என்று எனக்குப் பாராட்டு வேறு. ஆண்கள் வார்டில் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒரு மனைவி உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளைப் பாராட்டிப் பார்த்ததில்லை.

உண்மையில் உதவியவர் டீக்கடை அண்ணன். ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை வாங்கிப்போய் ஆறு நாளும் ஷட்டரைத் திறந்து வைத்தார். நகல் கொஞ்சம் கோணலாகத்தான் எடுத்திருந்தார், பரவாயில்லை.

நாளை மறுநாள் ஐந்தாவது கீமோ. இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "ஜூஸ் போட்டதை எழுதியிருக்கீங்க. நீங்க அப்படியே போட்டுட்டுப் போன மிக்ஸி ஜாரை யார் கழுவினாங்கன்னு எழுதலையே?"