பூனையை விடுங்க, அணியைப் பிடிங்க

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் பி.எஸ்சி இயற்பியல் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. குவாண்டம் இயக்கவியல் என்றதும் யூடியூபில் ஷ்ரோடிங்கரின் பூனையை, அதாவது பெட்டிக்குள் செத்தும் பிழைத்தும் ஒருசேர இருப்பதாகச் சொல்லும் கற்பனைப் பூனையை, தேடாதீர்கள். அது செத்ததா பிழைத்ததா என்று எவ்வளவு பார்த்தாலும் ஒரு கணக்கும் போட வராது. வேண்டியதில் பெரும்பகுதி பிளஸ் டூ கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது: அணிகள், கலப்பெண்கள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அதேதான்.

என் கட்சி இது: வகைக்கெழுவுக்கு முன்னால் கலப்பெண்ணும் 2×2 அணியும். ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முதல் வரிசை 0, −√−1. இரண்டாம் வரிசை √−1, 0. இதன் ஐகன் மதிப்புகள் +1, −1. (அணியால் பெருக்கும்போது ஒரு வெக்டர் தன்னுடைய மடங்காகவே வந்தால், அந்த மடங்குதான் ஐகன் மதிப்பு. இது பிளஸ் டூவில் கிடையாது, தனியாகப் படிக்க வேண்டும்.) +1க்கு உரிய வெக்டர் (1, √−1). அதன் நீளத்தைப் பழைய பழக்கத்தில் வர்க்கம் போட்டுக் கூட்டினால் 1−1, பூஜ்யம்! இருக்கிற வெக்டருக்கு நீளமே இல்லையாம். ஒரு பக்கம் இணைக் கலப்பெண் போட்டுப் பெருக்கினால்தான் 2 வரும். பிறகு நீளம் 1 ஆவதற்கு வெக்டரை √2ஆல் வகுக்க வேண்டும். துகள் எங்கே இருக்கும் என்ற நிகழ்தகவைத் தரும் அலைச்சார்பை வெறுமனே வர்க்கம் செய்யாமல் அதன் மட்டு மதிப்பை வர்க்கம் செய்வது இதனால்தான். தேர்வில் பலர் வழுக்குவதும் இங்கேதான்.

அடுத்து, இரண்டு அணிகளை முன்பின்னாக மாற்றிப் பெருக்குங்கள். பெரும்பாலும் விடை மாறும். இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்ற நிச்சயமின்மைக் கோட்பாடு அதில்தான் நிற்கிறது. 1925இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் இந்தப் பெருக்கலைக் கண்டபோது அது அணிப் பெருக்கல் என்றே அவருக்குத் தெரியாது. சொன்னவர் மாக்ஸ் போர்ன். ஆகவே அணி வராது என்று யாரும் கூச வேண்டாம்.

இதற்குப் பிறகு பெட்டிக்குள் எலக்ட்ரான். இரு முனையிலும் அலைச்சார்பு பூஜ்யம், நடுவில் சைன் அலை. பெட்டி 1 நானோமீட்டர் என்றால் முதல் ஆற்றல் மட்டம் சுமார் 0.376 எலக்ட்ரான் வோல்ட், இரண்டாவது அதைப்போல 4 மடங்கு. விடை ஏறத்தாழ 39 மடங்கு குறைந்து வந்தால் பிளாங்க் மாறிலிக்குப் பதில் எச்-பாரை (அதை 2πஆல் வகுத்ததை) போட்டிருக்கிறீர்கள். பூஜ்யமாவது மட்டம் என்று ஒன்று எழுதினால் அலைச்சார்பு எங்கும் பூஜ்யம். பெட்டிக்குள் எலக்ட்ரானே இல்லை.

இயற்பியலில் தனிச்சீரிசை இயக்கம், நிலை அலைகள், மொத்த ஆற்றலை உந்தத்திலும் இடத்திலும் எழுதும் ஹாமில்டன் முறை போதும். சார்பியல் இப்போது வேண்டாம். மின்காந்தவியல் ஹைட்ரஜன் அணு வரும்போது, அதுவும் கூலும் விதி அளவுக்கு.

ஃபூரியரை, அதாவது எந்த அலையையும் சைன் அலைகளாகப் பிரிக்கும் முறையை, மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தனுஷ்கோடிக் கரையில் நின்று பாருங்கள்: வரிசையாக வரும் நீள அலைக்கு அலைநீளம் சொல்லலாம், 'இங்கே இருக்கிறது' என்று விரல் நீட்ட முடியாது. ஒற்றைத் திமிலாக எழும் அலைக்கு இடம் சொல்லலாம், அலைநீளம் சொல்ல முடியாது. உந்தம் என்பது பிளாங்க் மாறிலியை அலைநீளத்தால் வகுத்தது என்ற டி பிராய் வாய்ப்பாட்டை இதோடு சேர்த்தால், இடமும் உந்தமும் ஒருசேரத் துல்லியமாக அமையாத காரணம் கணக்காகவே வந்துவிடும். அதற்குக் காஸியன் (மணி வடிவ வளைவு) தொகையீடு ஒன்று போடத் தெரிய வேண்டும்.