காளான் செடியா?

"காளானும் ஒரு செடிதான், பச்சையம் மட்டும் கிடையாது" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. தவறு. பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருந்தது, அதனால் பகிர்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

1969இல் அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து உலகங்களாக, அதாவது ஐந்து பெரும்பிரிவுகளாகப் பிரித்தபோது, காளான் அடங்கிய பூஞ்சைகளுக்குத் தனி உலகம் கொடுத்தார். முக்கியக் காரணம் உணவுமுறை. செடி தன் உணவைத் தானே தயாரிக்கிறது. காளானோ நொதிகளை வெளியே சுரந்து, மட்கும் பொருளை அங்கேயே செரித்து உறிஞ்சிக்கொள்கிறது. செல்சுவரும் வேறு: செடியில் செல்லுலோஸ், காளானில் கைட்டின். ஆமாம், நண்டு ஓட்டில் இருக்கும் அதே கைட்டின்!

அப்புறம் டிஎன்ஏ ஒப்பீடு வந்து இன்னொரு வேடிக்கையைக் காட்டியது. காளானுக்கு நெருங்கிய சொந்தம் செடிகள் இல்லை, விலங்குகள்தான். சரி, குடை போல வெளியே தெரிகிறதே? அது, இனப்பெருக்கத்துக்கான நுண்துகள்களான ஸ்போர்களைப் பரப்பும் பகுதி மட்டுமே. உடல் மண்ணிலோ மரத்திலோ மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது.