மும்பையில் வீடு: எத்தனை முறை மாறி ஏற வேண்டும்?

அக்காள் மகனுக்கு மும்பையில் வேலை கிடைத்திருக்கிறது. அவனுக்குப் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் (பி.கே.சி.) அலுவலகம், அவன் மனைவிக்கு நவி மும்பையில் உள்ள ஐரோலியில். கோவையிலிருந்து அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் கேட்டதுதான் தாமதம், மும்பையை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்களும் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். செம்பூர் என்றார் ஒருவர். வாடகை தண்டம், டோம்பிவிலியில் சொந்தமாகவே வாங்கிவிடு என்றார் இன்னொருவர். எழுபதுகளில் வங்கி வேலையாக மாதுங்காவில் இருந்த பெரியப்பா, அதைத் தவிர மனிதர் குடியிருக்க வேறு இடம் உண்டா என்று கேட்டார். நவி மும்பையின் கார்கரில் சாலைகள் அகலமாக இருக்கின்றனவாம், யாரோ காணொளி அனுப்பியிருந்தார்கள்.

குழுவில் பதில் எழுதினால் சண்டை வரும், அதனால் இங்கே எழுதுகிறேன். அவர்களில் பாதிப் பேர் இங்கேயும் இருக்கிறார்கள். படிக்கட்டும்.

வாடகை எவ்வளவு, எத்தனை சதுர அடி, பக்கத்தில் கோயில் இருக்கிறதா, தமிழர் இருக்கிறார்களா என்றெல்லாம் பேசினார்கள். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் அலுவலகம் போய்ச் சேர எத்தனை முறை மாறி ஏற வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மும்பையில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது வீண் வேலை. போரிவலி சர்ச்கேட்டிலிருந்து 34 கிலோமீட்டர். அங்கே ஃபாஸ்ட் வண்டி ஏறியவர் ஒரே வண்டியில் போய் இறங்கிவிடுவார். அதில் பாதித் தூரத்தில் குடியிருந்துகொண்டு, தாதரில் மத்திய ரயில்வேயிலிருந்து மேற்கு ரயில்வேக்கு மாறுகிறவர் அவரைவிடக் களைத்துப்போய் வீடு திரும்புவார். தாதர் மேம்பாலத்தில் காலை 9 மணிக்கு யாரும் நடப்பதில்லை, கூட்டம் நடத்திக்கொண்டு போகிறது. நடைமேம்பால நெரிசல் எதுவரை போகும் என்பதை 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தில் பார்த்தோம். திடீர் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் படிக்கட்டில் நசுங்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். நிலையத்தின் பெயர் இன்று பிரபாதேவி.

ஊரின் அமைப்பு அப்படி. தெற்கு வடக்காக நீண்ட குறுகலான நிலம், அதன் மேல் அருகருகே ஓடும் தடங்கள். சர்ச்கேட்டிலிருந்து மேற்குத் தடம், சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸிலிருந்து (சி.எஸ்.எம்.டி.) மத்தியத் தடம், அங்கிருந்தே நவி மும்பை வழியாகப் பன்வேல் போகும் ஹார்பர் தடம். வடக்கு தெற்காகப் போவது எளிது, கிழக்கு மேற்காகப் போவதுதான் பாடு. 2014-இல் வெர்சோவாவிலிருந்து காட்கோபருக்கு வந்த முதல் மெட்ரோ அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைத்தது. ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை பூமிக்கடியில் ஓடும் அக்வா தடம் 2025 அக்டோபரில் முழுதாகத் திறந்த பிறகு இன்னும் குறைந்திருக்கிறது. ஆனாலும் வீடு ஒரு தடத்திலும் வேலை வேறொரு தடத்திலும் அமைந்துவிட்டால், ஒப்பந்தம் முடியும்வரை ஒவ்வொரு நாளும் அதற்கு விலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது டோம்பிவிலிக்கு வருகிறேன். கடன் தவணையும் வாடகையும் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் என் மதிப்புக்குரியவர். கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்கில் ஆள் இல்லை என்பதுதான் என் குறை. சி.எஸ்.எம்.டி.யிலிருந்து டோம்பிவிலி ஏறத்தாழ 48 கிலோமீட்டர். காலையில் தெற்கே போகும் வண்டியில் உட்கார இடம் கிடைக்காது என்பதால், எதிர்த் திசையில் கல்யாண் வரை போய், அதே வண்டி திரும்பும்போது உட்கார்ந்தபடியே வருகிறவர்கள் உண்டு. ஓர் இருக்கைக்காக முதலில் பின்னோக்கிப் பயணம். அதுவும் கிடைக்காதவர்களுக்கு நான்காவது இருக்கை. மூவர் உட்காரும் பலகையின் ஓரத்தில் நான்காவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வார். ஒரு தொடை பலகையில், மறு தொடை அந்தரத்தில், ஒரு கால் நடைபாதையில் முட்டுக்கொடுத்திருக்கும். அதற்கும் முன்கூட்டியே பதிவு உண்டு. உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் நிலையம் வரும்வரை அவர் தலைமாட்டில் காவல் நிற்க வேண்டும். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே எதிரெதிரே கடந்த இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் தடத்தில் விழுந்து இறந்தார்களே, அவர்கள் சாகசத்துக்காகத் தொங்கியவர்கள் இல்லை. உள்ளே இடம் இல்லை.

பெண்கள் பெட்டியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் வருகிறவர்களைப் படம் எடுத்து, மும்பைப் பெண்களின் உற்சாகம் என்று பத்திரிகைகளில் போடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வரும். வீட்டுக்குப் போய் நறுக்க நேரம் இருந்தால் எந்தப் பெண்ணும் ரயிலில் உட்கார்ந்து நறுக்க மாட்டாள். தூரத்தில் வீடு பிடித்து வாடகையில் மிச்சம் பிடித்தோம் என்று ஆண்கள் பேசிக்கொள்ளும்போது, அந்த மிச்சம் யாருடைய தூக்கத்திலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். நாலரைக்கு எழுந்து இரண்டு டப்பா கட்டுகிறவளிடமிருந்து வந்தது. ஆகவே வீட்டை யார் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: இருவரில் யாருக்கு வீட்டுவேலை அதிகமோ அவருடைய அலுவலகத்தை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். மருமகள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு அவனிடம் காட்டினால் எனக்கு மகிழ்ச்சிதான்.

செம்பூரை நான் குறை சொல்ல மாட்டேன். சேடா நகர் முருகன் கோயில் இருக்கிறது, நல்ல பள்ளிகள் இருக்கின்றன. அவன் பி.கே.சி.க்கு இறங்க வேண்டிய குர்லா இரண்டாவது நிலையம். அவளோ வாஷியில் வண்டி மாற வேண்டும், ஆனாலும் காலைக் கூட்டத்துக்கு எதிர்த் திசை என்பதால் உட்கார்ந்துகொண்டே போகலாம். எனக்கு உறுத்துவது காற்று. மாகுல் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலை. சற்றே வடக்கில் தேவ்னார் குப்பைமேடு, 2016-இல் அது பற்றி எரிந்தபோது புகை நாள்கணக்கில் நின்றது. செம்பூர் என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை, எந்த முனை என்று பார்க்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

மாதுங்காவைப் பற்றிப் பெரியப்பாவிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். அவர் நினைவில் இருப்பது, அலுவலகம் கோட்டைப் பகுதியில் இருந்த காலத்து மாதுங்கா. கிங்ஸ் சர்க்கிளில் காபி, பூக்கடை, தமிழ்ப் பேச்சு எல்லாம் இன்றும் உண்டு. அங்கே புதிதாக வருகிற இளம் தம்பதிக்குக் கட்டுப்படியாகும் வாடகைதான் இல்லை. இடையில் ஒன்று. மும்பைத் தமிழர் என்றதும் மாதுங்காவைச் சொல்கிறவர்கள், அடுத்த நிலையமான சயானை ஒட்டிய தாராவியைச் சொல்வதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் தொழிலுக்கு வந்து தலைமுறைகளாக அங்கே வாழ்கிறவர்களும் நம்மவர்கள்தானே? ‘நம்மவர்கள் இருக்கும் இடம்’ என்று நாம் சொல்லும்போது யாரை எண்ணிச் சொல்கிறோம் என்பது கவனிக்க வேண்டியது.

ஏனென்றால் அதே சொல்தான் இங்கே கதவையும் சாத்துகிறது. பல ஹவுசிங் சொசைட்டிகளில் அசைவம் சாப்பிடுகிறவருக்கு வீடு கிடையாது. தனியாள் என்றால் கிடையாது, முஸ்லிம் என்றால் கிடையாது. எழுதி வைத்திருக்க மாட்டார்கள், புரோக்கர் தொலைபேசியிலேயே நாசூக்காகக் கேட்டுவிடுவார். 2023-இல் முலுண்ட் மேற்கில் அலுவலகத்துக்கு இடம் தேடிப் போன ஒரு மராத்திப் பெண்ணுக்கே, இங்கே மராத்திக்காரர்களுக்கு இடமில்லை என்று பதில் வந்து ஊரே கொந்தளித்தது. மருமகளுக்கு மீன் இல்லாமல் வாரம் போகாது. ஆகவே அதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு சமையல் வாசனைக்குப் பஞ்சாயத்து வைப்பதைவிட அது மேல்.

பணம் பற்றிச் சுருக்கமாக. ஒப்பந்தம் வழக்கமாக 11 மாதம், ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்பார்கள். 1999 ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி அதைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற வீட்டுக்காரரிடம் போகாதீர்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. கோவை வீட்டுச் சாமான்களில் பாதியை விற்றுவிடுங்கள், இங்கே அந்த சோபா கதவுக்குள் நுழையாது.

வீடு பார்க்கும் விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். புரோக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை முற்பகல்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்போது மும்பை ஓர் அமைதியான நகரம். நிலையம் 5 நிமிடம் என்பார், அது வரிசை இல்லாத ஆட்டோவில் 5 நிமிடம். நீங்கள் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து நடந்து நிலையத்துக்குப் போய், நடைமேடையில் நின்று, வருகிற வண்டியில் ஏற முடிகிறதா என்று பாருங்கள். ஏற முடியவில்லை என்றால் அந்த வீட்டின் சமையலறை மேடை கிரானைட்டா கடப்பாவா என்பதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. கிழக்கா மேற்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்டவாளம் ஒவ்வொரு பகுதியையும் இரண்டாகப் பிளந்து போட்டிருக்கிறது. தெற்கே போகப் போக, பாந்த்ராவையும் சயானையும் தாண்டினால் ஆட்டோ கிடையாது, டாக்சிதான்.

அந்தப் பகுதியில் வண்டி கிளம்புகிறதா, நடுவில் நின்றுபோகிறதா என்பதும் முக்கியம். தானே, போரிவலி, அந்தேரி, காட்கோபர் போன்ற இடங்களில் கிளம்பும் வண்டிகள் உண்டு, காலியாக நடைமேடைக்கு வரும். மாலையில் வீடு திரும்ப எந்த வண்டியில் ஏறக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போரிவலியையும் தாண்டிப் போகும் விரார் ஃபாஸ்ட் வண்டியில் போரிவலிக்காரர் ஏறினால், போரிவலியில் அவரை இறங்கவிடாமல் வாசலை அடைத்து நிற்பார்கள் என்று சொல்வது வெறும் நகைச்சுவை இல்லை.

பிறகு மழை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. மித்தி ஆறு பெருகிக் குர்லா மூழ்கியது. பி.கே.சி.யின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்பது அந்த ஆற்றின் ஓரத்தில்தான். இன்றும் கனமழை என்றால் குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே தடத்தில் தண்ணீர் ஏறி வண்டிகள் நின்றுவிடும். தரைத்தளத்தில் மின்சார மீட்டர்ப் பெட்டியை அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டியிருக்கிறார்களா, கீழ்ச்சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருக்கிறதா, தெருமுனைக் கடைக்காரர் அரிசி மூட்டைகளைப் பலகை போட்டு அடுக்கியிருக்கிறாரா என்று கவனியுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவை சொல்லும்.

ஆக, இவர்கள் இருவருக்கும் எங்கே? தானே என்றால் அவளுக்கு ஐரோலி இரண்டாவது நிலையம். அவனோ மத்தியத் தடத்தின் உச்சக் கூட்டத்தோடு குர்லா வரை போய், பிறகு ஷேர் ஆட்டோ வரிசையில் நிற்க வேண்டும். தானேயில் மலிவாகக் கிடைக்கிற கோட்பந்தர் ரோடு அடுக்குமாடிகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நிலையத்துக்குப் போவதே ஒரு பயணம், பல கட்டடங்கள் தண்ணீர் லாரியை நம்பி இருக்கின்றன. காட்கோபர் அவனுக்கு நல்லது, அவளுக்குத் தானேயில் ஒரு மாற்றம். கார்கரில் சாலை அகலம்தான், அந்தச் சாலை பி.கே.சி.க்குப் போகவில்லையே.

என் தேர்வு முலுண்ட் கிழக்கு. நான் அங்கே இருப்பதால் சொல்கிறேன் என்பீர்கள். இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். முலுண்ட்–ஐரோலி பாலத்தின் மேல் அவளுக்கு ஒரே பஸ், மாற்றமே இல்லை. அவனுக்குக் குர்லாவில் ஒரே ஒரு மாற்றம். மழை நாளில் குர்லா வரை போகாமல் காட்கோபரிலேயே இறங்கி, மெட்ரோவில் மரோல் நாகா, அங்கிருந்து அக்வா தடத்தில் பி.கே.சி. என்று இன்னொரு வழியும் கையில் இருக்கும். (அந்தப் பாதாள மெட்ரோவின் ஆச்சார்ய அத்ரே சௌக் நிலையத்துக்குள்ளும் 2025 மே மாத மழையில் வெள்ளம் புகுந்தது, ஆனால் அது பி.கே.சி.க்குத் தெற்கே இருக்கிறது.) வீடு சிறியதாகத்தான் இருக்கும். இரண்டு வீடுகளுக்கு ஆகும் பணத்தில் ஒரு வீடு என்று மாமா புலம்புவார். புலம்பட்டும், எட்டு மணி வண்டி அவருக்கில்லையே.

சொந்த வீட்டுப் பேச்சை இரண்டு மழைக்காலம் கழித்து எடுக்கலாம். அதற்குள் இருவரில் ஒருவராவது வேலை மாறியிருப்பார்கள், தடமும் மாறியிருக்கும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முலுண்ட் கிழக்கில், நவ்கர் ரோடு பக்கமாக, நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு படுக்கையறை வீடு காலியானால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். லிஃப்ட் இல்லாவிட்டால் இரண்டாம் மாடி வரை பரவாயில்லை, தரைத்தளம் வேண்டாம். வீட்டில் மீன் சமைப்பார்கள் என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.