தெரிஞ்சும் வாயைத் திறக்காத சாஃப்ட்வேரு

உச்சிப்புளியில எங்க வீட்டு முன்ரூம்தான் என் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஏ3 பிரிண்டர், மூலையில எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே கெடக்குற ஒரு யுபிஎஸ், அவ்வளவுதான். சிவில் டிப்ளமோ முடிச்சு 14 வருஷமா வீட்டு பிளான் வரையுறேன், கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், தேவிபட்டினம்னு கடக்கரை ஓரத்து வீடுதான் முக்காவாசி. போன வாரம் ஒரு பாத்ரூமுக்கு டைல்ஸ் ஹேட்ச் (மூடுன எல்லைக்குள்ள டைல்ஸ் கோட்டை நிரப்புறது) போட முடியாம மூணு நாளு முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அந்த எரிச்சல்ல எழுதுறேன், நீளமா போகும். எந்த சாஃப்ட்வேருன்னு பேரு சொல்லல, டிடபிள்யூஜிங்கிற பிளான் ஃபைல்ல வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் இதுல ஏதோ ஒண்ணாவது நடந்திருக்கும்.

வீடு கீழக்கரையில. ஓனர் துபாய்ல இருக்காக, காக்கான்னுதான் (அண்ணன்னு அர்த்தம்) கூப்புடுவேன். அங்க வேலை முடிஞ்சு பத்து மணிக்கு போன் போட்டாகன்னா இங்க பதினொன்னரை. "தங்கச்சி, பாத்ரூமை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சு அனுப்பிரும்மா, காலையில கொத்தனார்கிட்ட குடுக்கணும்"னு ரொம்ப சாதாரணமா சொல்லுவாக. நானும் பத்து நிமிஷ வேலைன்னுதான் உக்காந்தேன். இடத்தோட அளவை ஒரு சர்வேயர் டிஜிபிஎஸ்ங்கிற துல்லியமான ஜிபிஎஸ் கருவி வச்சு எடுத்துக் குடுத்திருந்தாரு, அந்த ஃபைலை நம்ம அடி இன்ச்சுக்கு மாத்தி அது மேலயே பிளானை வரைஞ்சிருந்தேன்.

பாத்ரூமுக்குள்ள கிளிக் பண்ணுனா எல்லை மூடல, இடைவெளி இருக்குன்னு சொல்லுது. ஒவ்வொரு மூலையா ஜூம் பண்ணிப் பாக்குறேன், எல்லாம் ஒட்டித்தான் இருக்கு. கொஞ்ச நேரத்துல கர்சர் தவ்வ ஆரம்பிச்சுருச்சு. நாலரை இன்ச் பார்ட்டிஷன் சுவரோட ரெண்டு கோடும் ஜூம் பண்ணுனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்குது, வெளிய வந்தா பிரிஞ்சு நிக்குது, பேய் பிடிச்ச மாதிரி. ஃபைல்ல பிழை தேடுற ஆடிட் போட்டேன், பிழை பூஜ்யம்னுச்சு. வேண்டாததை எல்லாம் பர்ஜ் பண்ணேன், ஓவர்கில் போட்டு ரெட்டைக் கோட்டை எல்லாம் அழிச்சேன், கெட்ட ஃபைலை மீட்குற ரெக்கவர்ல திறந்து பாத்தேன். மறுநாள் சாஃப்ட்வேரை அழிச்சுட்டு திரும்ப ஏத்துனேன். நம்ம ஊருக்குன்னே ஒரு வைத்தியம் உண்டுல்ல, உப்புக்காத்துல ராம் பல்லு கறுத்துப் போயிருக்கும், கழட்டி பள்ளிக்கூடத்துப் பிள்ளைக அழிக்கிற ரப்பரை வச்சு தேய்ச்சு மாட்டுறது, அதையும் பாத்தேன். எங்க அண்ணன் வந்து நின்னு பாத்துட்டு கிராஃபிக்ஸ் கார்டு போச்சுன்னு ஒரே போடா போட்டான், ராம்நாட்டுல போயி செகண்ட் ஹேண்ட் கார்டு ஒண்ணு ஒம்பதாயிரத்துக்கு வாங்கிட்டு வந்தோம். மாத்துன கார்டுல அதே பேய் இன்னும் நல்லா பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.

மூணாம் நாள் ராத்திரி, வேற எதுக்கோ, ஒரு புள்ளியோட எக்ஸ் ஒய் எண்ணைக் காட்டுற ஐடி கமாண்ட் போட்டு அந்த பாத்ரூம் மூலையை தொட்டேன். கீழ வந்த எண்ணைப் பாத்து அப்படியே உக்காந்துட்டேன். ஒய் நாலு கோடியைத் தாண்டி நிக்குது.

என்ன நடந்துருக்குன்னா, சர்வேயர் குடுத்தது யுடிஎம் அளவு, அதாவது உலகத்தை மண்டலம் மண்டலமா பிரிச்சு மீட்டர்ல இடம் சொல்ற முறை. நம்ம ராமநாதபுரம் பக்கம் அதுல 44ஆவது மண்டலம், வடக்கு அளவு பூமத்திய ரேகையில இருந்து எண்ணுவாங்க, நம்ம ஊருக்கு அது பத்து லட்சத்து இருபதாயிரம் மீட்டருக்கு மேல வரும். அதை நான் 39.37ஆல பெருக்கி இன்ச்சாக்குனதும் நாலு கோடி ஆயிருச்சு. அதாவது காக்கா வீட்டு பாத்ரூம் பூமத்திய ரேகையில இருந்து இன்ச் இன்ச்சா அளந்து கெடக்கு. ஃபைலுக்குள்ள சேமிக்கிற எண்ணு பதினஞ்சு இலக்கம் தாங்கும், அதனால அளவு கெடல, ஆடிட்டுக்கும் ஒண்ணும் தெரியல. ஆனா ஸ்க்ரீன்ல காட்டுறதுக்கு கிராஃபிக்ஸ் பக்கம் 32 பிட் எண்ணுல கணக்கு ஓடுனா ஏழு இலக்கம்தான் ஒழுங்கா நிக்கும், நாலு கோடிக்கு பக்கத்துல அந்த எண்ணு வகையில ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு தெரியுமா, சரியா 4. நம்ம பார்ட்டிஷன் சுவரே நாலரை இன்ச்சு! அது தவ்வாம என்ன செய்யும்.

சரி பண்றது அஞ்சு நிமிஷ வேலை. இடத்தோட ஒரு மூலைக்கல்லோட எக்ஸ் ஒய்யை நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு, மொத்த டிராயிங்கையும் அந்தக் கல்லைப் பிடிச்சு 0,0க்கு மூவ் பண்ணிரணும். சர்வேயருக்கு திருப்பிக் குடுக்கணும்னா அதே எண்ணுக்கு திரும்ப நகத்தணும், அதுக்குத்தான் எழுதி வைக்கச் சொன்னேன், மனசுல வச்சுக்கிட்டேன்னு சொன்ன ஒருத்தர் என்ன பாடு பட்டாருன்னு எனக்குத் தெரியும். நகத்துன உடனே ஹேட்ச் ஒரே கிளிக்ல உக்காந்துச்சு. கழட்டி வச்ச என் பழைய கார்டு நல்லாத்தான் இருக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.

என் கோவம் எங்கன்னா, அந்த சாஃப்ட்வேருக்கு இது தெரியும். டிராயிங் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு எக்ஸ்ட்மேக்ஸ்ங்கிற பேர்ல அதுவே எண்ணி வச்சிருக்கு. அந்த எண்ணைப் பாத்து "உன் டிராயிங் பூஜ்யத்துல இருந்து ரொம்ப தூரத்துல கெடக்கு, ஹேட்ச் தகராறு பண்ணும்"னு ஒத்த வரி சொல்லியிருந்தா எனக்கு மூணு நாளும் மிச்சம், ஒம்பதாயிரமும் மிச்சம். அது என்ன பண்ணுச்சு, எல்லை மூடலன்னு என் மேல பழியைப் போட்டுச்சு. மறுநாளே நான் லிஸ்ப்ல (அந்த சாஃப்ட்வேருக்குள்ளயே ஓடுற நிரல் மொழி) ஒரு எட்டு வரி எழுதுனேன், ஃபைலை திறக்கும்போது எக்ஸ்ட்மேக்ஸ் பத்து லட்சத்தைத் தாண்டுனா ஒரு பெட்டி வந்து எச்சரிக்கை பண்ணும். டிப்ளமோ படிச்சுட்டு முன்ரூம்ல உக்காந்திருக்குற நான் ஒரு சாயங்காலத்துல எழுதுனதை, இவ்வளவு பெரிய கம்பெனிகளால எழுத முடியாதா?

இதுல ஒரு கூத்து. அந்த எட்டு வரியை நான் போட்டு வச்சது அகேட்டாக் டாட் எல்எஸ்பிங்கிற (acaddoc.lsp) ஃபைல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்ன பெரிய ஷீட்டுல பிளான் பிரிண்ட் போடுற ஒரு கடையில பென்டிரைவை குத்திட்டு வந்து நான் வைரஸ்ல மாட்டுனதும் அதே பேருலதான். டிராயிங் இருக்குற ஃபோல்டர்ல அந்தப் பேர்ல ஒரு ஃபைல் கெடந்தா ஒவ்வொரு டிராயிங் திறக்கும்போதும் தானா ஓடும், அதை வச்சு வைரஸ் எழுதி விட்டுட்டாங்க. சேர்ந்த உருவத்தைப் பிரிக்கிற எக்ஸ்ப்ளோட் கமாண்ட் வேலை செய்யாது, எல்லா ஃபோல்டர்லயும் தன்னையே காப்பி போட்டுக்கும். நீங்க எழுதாத அந்தப் பேரு ஃபைல் பென்டிரைவ்ல கெடந்தா டிராயிங்கை திறக்காதீங்க, முதல்ல அதை அழிங்க. ஆட்டோகேட்ல 2014ல இருந்து செக்யூர்லோட்னு ஒரு செட்டிங் இருக்கு, இந்த மாதிரி ஃபைலை ஏத்துறதுக்கு முன்ன நம்மகிட்ட கேக்கும், அதை எவன் சொன்னாலும் 0 ஆக்காதீங்க. ஆனா அது கேக்குற கேள்வியும் ஒரு மாதிரிதான், ஃபைல் கெடக்குற இடத்தை ஒரு நீளமான பாதையா காட்டிட்டு ஏத்தவா வேணாமான்னு கேக்குது, அவசரத்துல நம்ம ஆளுக எல்லாரும் ஏத்துன்னு அமுக்கிடுறாங்க. "இது உன் பென்டிரைவ்ல இருந்து வருது"ன்னு பச்சையா சொன்னா கை ஒரு நிமிஷம் நிக்குமா நிக்காதா?

அளவுக்கு வர்றேன். யூனிட் லிஸ்டை என்னைக்காவது முழுசா இறக்கிப் பாத்திருக்கீங்களா? இன்ச், அடி, மில்லி, மீட்டர்னு ஆரம்பிச்சு கீழ போகப் போக ஆங்ஸ்ட்ராம், ஒளியாண்டு, பார்செக் வரைக்கும் இருக்கு. நட்சத்திரத்துல வீடு கட்டுறவனுக்கு யூனிட் இருக்கு. லிங்க்ஸ் இல்ல. நம்ம பழைய புலப்பட (நிலத்தோட சர்வே வரைபடம்) அளவு எல்லாம் லிங்க்ஸ்லதான், நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி, ஒரு லிங்க்ஸ் 7.92 இன்ச்சு. ஆயிரம் சதுர லிங்க்ஸ்தான் நம்ம ஊரே பேசுற ஒரு சென்ட்டு, 435.6 சதுர அடி. லிஸ்ட்ல இல்லாததால ஆளாளுக்கு ஒரு பெருக்கல் போடுறாங்க. மண்டபம் பக்கம் ஒரு இடம், எனக்கு முன்னாடி பாத்தவரு லிங்க்ஸுக்கு 20 சென்டிமீட்டர்னு ரவுண்டா போட்டு புலப்படத்தை ஸ்கேல் பண்ணியிருக்காரு, சரியான கணக்கு 20.1168. அந்தப் புள்ளிக்குப் பின்னாடி உள்ளது என்ன பெருசுன்னு தோணும், அறுவது அடி பக்கத்துக்கு அது நாலு இன்ச்சு. நானும் சரிபாக்காம அது மேலயே வரைஞ்சேன், அதை மறைக்க விரும்பல. பிளான்படி கயிறு கட்டி காம்பவுண்டு எழுப்புனா சுவர் சொந்த இடத்துக்குள்ள நாலு இன்ச் உள்ள வந்து நிக்குது. கொத்தனார் அண்ணன் டேப்பை சுருட்டிக்கிட்டே "தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு தானப் பத்திரம் எழுதிட்டியா"ன்னு கேட்டாரு. ஓனர் சிரிக்கல.

இன்னொண்ணு, இது கடக்கரை ஓரத்துல வரையுறவங்களுக்குத்தான் சுருக்குன்னு குத்தும். கடக்கரையோரம் கட்டுறதைக் கட்டுப்படுத்துற சிஆர்இசட் விதிக்கு ஹைடைட் லைன்ல (கடல் ஏத்தத்துல தண்ணி வந்து நிக்கிற கோடு) இருந்து தூரம் காட்டணும். 2011 அறிவிக்கையில கிராமப்புறத்துக்கு 200 மீட்டர் கட்டக்கூடாத பகுதி, 2019ல ஜனநெருக்கம் கூடுன கிராமத்துக்கு அதை 50 ஆக்குனாங்க. அந்தக் கோடு வர்ற உள்ளூர் மேப்பு 1:4000 அளவு. அதுல ஒரு மில்லிமீட்டர் தரையில 4 மீட்டர், பேனா கோட்டோட தடிப்பே ரெண்டு மீட்டரை முழுங்கிரும். அதை ஸ்கேன் பண்ணி கோட்டு மேல கோடு இழுத்து டைமென்ஷன் போட்டா சாஃப்ட்வேர் கூசாம 203.4172ன்னு காட்டுது! புள்ளிக்குப் பின்னாடி நாலு இலக்கம். ஓனர் அதைப் பாத்துட்டு மூணு மீட்டர் மிச்சம் இருக்கேன்னு திண்ணையை முன்னாடி இழுக்கச் சொல்றாரு. ஒரு கோடு எந்த மேப்புல இருந்து வந்துச்சு, எத்தனை மீட்டர் முன்னபின்ன இருக்கும்னு அந்தக் கோட்டோடவே ஒட்டி வைக்கிற வசதி வேணும், அதுல இருந்து டைமென்ஷன் எடுத்தா "சுமார்"னு தானா வரணும். எனக்கு ஒரே ஒரு வசதி குடுப்பேன்னு சொன்னா நான் இதைத்தான் கேப்பேன். டைமென்ஷனை ரவுண்ட் பண்ணிக்கலாமேன்னு சொல்லாதீங்க, ரவுண்ட் பண்றது எண்ணைத்தான் சுருக்கும், சந்தேகம் எவ்வளவுன்னு அதுல தெரியாது.

இலவசமா இருக்கே, லிப்ரேகேட்டுக்கு மாறிரலாமேன்னு தம்பிக சொல்லுவாங்க. நல்ல சாஃப்ட்வேருதான், வீட்டுல பிள்ளைக பழகுறதுக்கு அதைத்தான் போட்டுக் குடுத்திருக்கேன். ஆனா அது சேமிக்கிறது டிஎக்ஸ்எஃப்ங்கிற வேற ஃபைல் வகையில, சர்வேயர்ல இருந்து கம்பி போடுற இன்ஜினியர் வரைக்கும் எல்லாரும் கேக்குறது டிடபிள்யூஜி. ஒத்தையா நான் மாறி என்ன பண்ண.

கடைசியா தமிழ். காக்காவோட உம்மாவுக்கு (அம்மா) இங்கிலீஷ் வாசிக்க வராது. வீட்டுல இருக்கப் போறது அவுகதான், மகன் வருஷத்துக்கு ஒரு மாசம்தான் வருவாக. "எது அடுப்படி, எது என் ரூம்னு எனக்கு தெரியுற மாதிரி எழுதிக் குடும்மா"ன்னு கேட்டாக, நியாயந்தானே. சாஃப்ட்வேரோட சொந்த எழுத்தான எஸ்எச்எக்ஸ்ல தமிழை அடிச்சா வெறும் கேள்விக்குறியா நிக்குது. யூனிகோடு எழுத்துக்கு மாத்துனா அடுப்படி சரியா வருது, கொல்லைப்புறம்னு அடிச்சா என் மிஷின்ல அந்த கொ உடைஞ்சு போயி கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு தனித்தனியா நிக்குது. பழைய ஆளுக மாதிரி, இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் வடிவம் மாட்டி வச்ச பாமினி எழுத்துல அடிச்சா பிரமாதமா வருது, ஆனா அந்த எழுத்து இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளி வச்ச இடத்துல எல்லாம் அரைப்புள்ளியுமா, ஏதோ மந்திரம் எழுதுன தகடு மாதிரி இருக்கு.

இதையெல்லாம் ஆலோசனைன்னு அவங்க ஃபீட்பேக் பெட்டியில எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிட்டேன். உடனே ஒரு நன்றி மெயில் வந்துச்சு, கூடவே ஏஐ வச்சு தானா பிளான் வரையுறது எப்படின்னு ஒரு வீடியோ லிங்க்கும்.

வெள்ளிக்கிழமை உம்மாவுக்கு ஷீட் குடுக்கணும். இப்போதைக்கு எழுத்தே இல்லாம பிரிண்ட் எடுத்து பேனாவுல எழுதித்தான் குடுக்கப் போறேன், என் கையெழுத்து வேற கோழி கிண்டுன மாதிரி இருக்கும். யாராவது கொ உடையாம பிரிண்ட் எடுத்திருந்தா, எந்த எழுத்து, எந்த வெர்ஷன்னு அதுக்குள்ள சொல்லுங்க.