நாத்தனார் கோத்த முத்துச் சரம்

(புதுச்சேரி நேரு வீதிக்குப் பின்புறச் சந்தில் ஒரு நகைப் பட்டறை. ராஜலட்சுமி அம்மாள் கைப்பையிலிருந்து முத்துச் சரத்தை எடுத்து மேசைமீது வைக்கிறார். வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.)

ராஜலட்சுமி: பத்தரே, இது இயற்கை முத்தா, சிப்பிக்குள் மனிதர் வளர்த்தெடுத்த கல்ச்சர் முத்தா என்று பார்த்துச் சொல்லுங்கள். விற்கப் போனால் இயற்கை என்றும், கடலூரிலிருந்து என் நாத்தனார் பங்கு கேட்டு வந்தால் கல்ச்சர் என்றும் சொல்லிவிட்டால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பத்தர்: அம்மா, தாங்கள் கையை எடுத்தால்தான் அந்த இரண்டில் ஒன்றையாவது சொல்ல முடியும்.

ராஜலட்சுமி: நான் ஏற்கெனவே ஒவ்வொரு முத்தையும் பல்லில் உரசிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட நறநறக்கவில்லை.

பத்தர்: அது தங்கள் சொந்தப் பல்தானே?

ராஜலட்சுமி: பல்செட்.

பத்தர்: அப்படியானால் அந்தச் சாட்சியை விட்டுவிடுவோம். சொந்தப் பல்லாகவே இருந்தாலும், கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த போலியைத்தான் அது காட்டிக்கொடுக்கும். கல்ச்சர் முத்துக்கும் மேற்பூச்சைப் பூசுவது சிப்பியேதான் என்பதால், இரண்டும் பல்லில் ஒரே மாதிரிதான் நறநறக்கும்.

ராஜலட்சுமி: எதிர்வீட்டு அம்மாள் வினிகரில் ஊறப்போடச் சொன்னாள்.

பத்தர்: தாராளமாகப் போடுங்கள். முத்து பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருள் என்பதால் வினிகரில் மெல்ல மெல்ல அரிக்கப்படும். உண்மை நிரூபணமாகும் நேரத்தில் பங்கு பிரிக்க முத்தே இருக்காது, நாத்தனார் வழக்கும் தானே தீர்ந்துவிடும்.

ராஜலட்சுமி: (சரத்தைச் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு) என் மாமியாரின் தகப்பனார் சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தபோது, 1910-இல் வாங்கி வந்த சரம் இது.

பத்தர்: அது நல்ல செய்தி. ஜப்பானில் மிகிமோட்டோ என்ற முத்து வளர்ப்பாளர் 1893-இல் வளர்த்துக் காட்டியது அரை உருண்டை முத்துதான்; முழு உருண்டையாக வளர்த்தவை உலகச் சந்தையில் பெருகியது 1920-களில். நம் தூத்துக்குடியிலேயே 1973-இல் வளர்த்துவிட்டார்கள். ஆகவே 1910 என்பது மெய்யானால் முத்தும் இயற்கைதான். ஆனால் ஆண்டைச் சொன்னது தங்கள் மாமியார், முத்து இன்னும் வாய் திறக்கவில்லை.

(பத்தர் சரத்தின் முடிச்சை அவிழ்த்து, ஒரு முத்தை விளக்கடியில் பிடித்து, லென்ஸைக் கண்ணில் பொருத்தித் துளைக்குள் பார்க்கிறார். ராஜலட்சுமி அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததைச் சந்தில் யாரும் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.)

பத்தர்: கல்ச்சர் முத்துக்காகச் சிப்பியைப் பிளவாகத் திறந்து, வேறொரு சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டை ஒன்றையும் ஒரு துணுக்குத் தசையையும் உள்ளே வைப்பார்கள். அந்த உருண்டையின்மேல் சிப்பி பூசிய பூச்சு முடியும் இடத்தில், துளையின் உட்சுவரில் ஒரு கரிய கோடு தெரியும். இயற்கை முத்தில் அப்படி ஓர் எல்லை கிடையாது. வெங்காயம்போல் நடுவரையில் அடுக்கு அடுக்காகவே போகும். இதோ, இதில் கோடு இல்லை. இதிலும் இல்லை. அடுத்ததில்... பளிச்சென்று இருக்கிறதே!

ராஜலட்சுமி: ஒரே சரத்தில் இரண்டு சாதியா?

பத்தர்: ஊசியே சொல்கிறது, பாருங்கள். பழைய காலத்தில் முத்தை எடைக்கணக்கில் விற்றதால், எடை குறையக்கூடாது என்று மயிரிழை அளவுக்குத்தான் துளைப்பார்கள். அவற்றில் என் ஊசி சிக்குகிறது. நடுவில் உள்ள ஆறு பெரிய முத்துகளில் மட்டும் அது தாராளமாக நுழைந்து வெளியே வருகிறது. அந்த ஆறிலும் கோடு இருக்கிறது. இந்தச் சரம் எப்போதாவது அறுந்ததா?

ராஜலட்சுமி: போன வருடம் அறுந்தது. என் நாத்தனார்தான் திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த இடம் இருக்கிறது என்று எடுத்துப் போய்ப் புதிதாகக் கோத்துக் கொண்டுவந்தாள். (நிறுத்தி) அந்தத் தீபாவளிக்கு அவள் காதில் புதுக் கம்மல். ஒரு காதுக்கு மூன்று முத்து.

பத்தர்: (கணக்கில் தலையிட விரும்பாதவராக) நான் யார்மீதும் பழி சொல்லவில்லை, அம்மா. மீதி முத்துகளையும் இயற்கை என்று நான் எழுதித் தர மாட்டேன். சீனத்து நன்னீர்ச் சிப்பிகளில் உருண்டையே வைக்காமல் தசைத் துணுக்கை மட்டும் வைத்து வளர்ப்பதும் உண்டு; அவற்றிலும் இந்தக் கோடு இருக்காது. இரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே எடுத்து, உட்புறத்தின் அமைப்பைத் தேர்ந்தவர் ஒருவர் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ராஜலட்சுமி: எக்ஸ்ரேயா? அவளுக்குப் பல்வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானே அழைத்துப் போய்ப் பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க வைத்தால், கூடவே கம்மலும் படத்தில் விழுந்துவிடாதா?

பத்தர்: விழாது, அம்மா. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னால் கம்மல், தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

ராஜலட்சுமி: கழற்றினால், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கூட வந்த என் கையில்தானே கொடுப்பாள்? நீங்கள் சாயங்காலம் எத்தனை மணிவரை கடையைத் திறந்து வைத்திருப்பீர்கள்?