பொச்சாப்பு வெறும் மறதி இல்லை
‘பொச்சாப்பு என்றால் மறதி’ என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அகராதிப்படி சரி. ஆனால் திருக்குறளின் 54-ஆவது அதிகாரமான பொச்சாவாமை பேசுவது ஞாபகக் குறைவை அல்ல. அதன் முதல் குறளே (531), அளவு மீறிய கோபத்தைவிட மகிழ்ச்சி மிகுதியில் வரும் கவனச் சோர்வு கெட்டது என்கிறது.

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை. ஒரு வருடம் மேட்டூர் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பெரியப்பா நாற்றங்காலுக்கு மடையைத் திறந்துவிட்டு, மதகடியில் பேசிக்கொண்டே நின்றுவிட்டார். திரும்பிப் போனால் வரப்பு தெரியாத அளவுக்குத் தண்ணீர். முதல்நாள் தெளித்த முளைகட்டிய விதையெல்லாம் ஒரு மூலையில் குப்பை மாதிரி ஒதுங்கிக் கிடந்தது. “அசந்துட்டேன் தம்பி” என்றார். மறந்துட்டேன் என்று சொல்லவில்லை.

அதுதான் பொச்சாப்பு. எங்கள் அப்பாயிக்குக் கடைசிக் காலத்தில் பிள்ளைகள் பெயர்கூட மறந்துபோனது. அதை யாரும் அசந்ததாகச் சொன்னதில்லை, ஞாபகமறதி என்றுதான் சொன்னோம். ‘அசந்து மறந்து’ என்று பேச்சில் சேர்த்துச் சொல்லும்போதும் ‘அசந்து’தான் முன்னால் வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? இந்த வேறுபாட்டையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.